பாய்லர் ஆறும் நாள்

ஊருக்கெல்லாம் விடுமுறை என்றால் எங்களுக்கு வேலை இரண்டு மடங்கு. சலவை ஆலைப் பிழைப்பு அப்படி. ஜனங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கெங்கோ ஓட்டலில் போய்ப் படுப்பார்கள். படுத்து எழுந்த விரிப்பெல்லாம் விடிவதற்குள் வண்டி வண்டியாக எங்கள் வாசலில் வந்து இறங்கும். யார் சிகரெட் பிடித்துக்கொண்டே தூங்கினார், எந்தக் குழந்தை சாக்லெட்டோடு படுத்தது என்பதெல்லாம் துணியைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். நான் கிழிசல் தைக்கிறவள். ஆஸ்பத்திரித் துணி வேறு தினமும் வரும். நோய்க்கு ஏது விடுமுறை.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் ஆலையை மூடுவார்கள். அதுவும் எங்கள் மேல் இருக்கும் பாசத்தால் அல்ல, பாய்லரைச் சுத்தம் பண்ணுவதற்காக. துணி வேக, காய, தேய்க்க எல்லாவற்றுக்கும் ஆவி வேண்டும். ஆவிக்காக வருஷம் பூராவும் தண்ணீர் கொதித்துக் கொதித்து, அதிலிருக்கும் உப்பு பாய்லரின் உள்சுவரில் கெட்டியாகப் படிந்துவிடும். ஓர் ஆள் உள்ளே தவழ்ந்து போய், படுத்தபடியே அதைச் சுத்தியலால் தட்டி உதிர்க்க வேண்டும். பாய்லரின் பக்கவாட்டில், தோளைக் குறுக்கிக்கொண்டு நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கிறது. அதை நாங்கள் வாய் என்போம்.

அந்த வாய்க்குள் போய் வந்துகொண்டிருந்தவர் எங்கள் எதிர் வீட்டு பாய்லர்க்காரர். ஒரே நடை, எதிரெதிர்க் கதவு. அவர் வீட்டில் தும்மினால் என் வீட்டில் கேட்கும். அவர் பெண்சாதி ஆலையில் உருளையில் நிற்கிறவள். ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் சூடான உருளைக்குள் போய் மறுபக்கம் தகடாக வரும். அதை வாங்கி மடிக்கிற வேலை. அவள் மடித்தால் நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று அச்சு அசலாக உட்காரும். அதனால் ஆலையில் அவளுக்கு மடிப்புக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. பிள்ளைகள் இரண்டு. பெரியவன் மீசை முளைத்ததிலிருந்து அப்பாவோடு பாய்லரில் நெருப்புத் தள்ளிக்கொண்டிருந்தான். சின்னவள் பள்ளிக்கூடம் போகிறாள். தண்ணீரைக் கண்டால் வெளியே வரமாட்டாள் என்று அப்பா அவளுக்குத் தவளை என்று பெயர் வைத்திருந்தார்.

எந்தப் பண்டிகைக்கும் வீட்டில் இருக்க முடியாத குடும்பம் என்ன செய்யும்? மடிப்புக்காரி தானாகவே ஒன்றை உண்டாக்கிக்கொண்டாள். பாய்லர் நின்ற நாளுக்கு 'நம்ம நாள்' என்று பெயர் வைத்தாள். அன்றைக்கு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. வருஷமெல்லாம் நெருப்புக்கு முன்னால் நிற்கிற மனுஷர் அன்று ஒரு நாளாவது நெருப்பைப் பார்க்காமல் இருக்கட்டும் என்பது அவள் சட்டம். முதல் நாளே உருளைக்கிழங்கை வேகவைத்து, உப்பும் எலுமிச்சம்பழமும் பிசிறி மூடி வைத்துவிடுவாள். ரொட்டி, வெங்காயம், அவித்த முட்டை, அவ்வளவுதான் விருந்து. தரையில் வெளுத்த விரிப்பு ஒன்றை விரித்து நான்கு பேரும் அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டு, அதன்மேலேயே கவிழ்ந்து தூங்குவார்கள். அப்பா குறட்டை விட்டால் யாரும் எழுப்பக் கூடாது. எழுப்பினவர் பாத்திரம் கழுவ வேண்டும்.

குளியல்தான் அதில் முக்கியம். பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு வெந்நீர்த் தொட்டி உண்டு. உருளையில் சுற்றி வந்த ஆவி குளிர்ந்து தண்ணீராகி அதில் விழும். உப்பே இல்லாத தண்ணீர், தலையில் ஊற்றினால் முடி பட்டாக இருக்கும். பாய்லரைத் தட்டி முடித்த பிறகு அந்தத் தொட்டியையும் காலி பண்ணுவார்கள். பாய்லர்க்காரர் இரண்டு பெரிய கேன்களில் அதைப் பிடித்து, தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். குளிர் மாதம் வேறு. எங்கள் நடையில் குளிர்ந்த தண்ணீரில் குளிக்கிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கத்துவார்கள். சின்னவள் முதலில், பிறகு பெரியவன், பிறகு மடிப்புக்காரி, கடைசியில் அவர். அந்த வரிசை மாறக் கூடாது. குளித்து முடித்ததும், பாய்லருக்குள்ளிருந்து உடையாமல் எடுத்து வந்த பெரிய உப்புச் சில்லு ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஜன்னல் விளிம்பில் வைப்பார். வருஷத்துக்கு ஒன்றாக அங்கே ஒரு வரிசையே நின்றது.

ஆரம்பத்தில் அவர் இருட்டி வெகுநேரம் கழித்துத்தான் வருவார். கல்யாணமான புதிதில் ஒரு வருஷம் அப்படி வந்து கேனை இறக்கினபோது, மடிப்புக்காரி கையை விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஆறின தண்ணியைக் கொண்டாந்துட்டு இதுக்குப் பேரு விடுமுறையா என்று கேட்டாள். அவரும் சிரித்தார். நானும் என் வாசலிலிருந்து சிரித்தேன். அடுத்த வருஷம் உச்சி வெயிலுக்கே வந்துவிட்டார். மூடியைத் திறந்தால் ஆவி பறந்தது. அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். நடை முழுக்க வெந்நீர் வாசனையும் தவளையின் கூச்சலுமாக இருக்கும்.

போன வருஷம் அவர் வரவில்லை.

விடிந்தும் விடியாததுமாக உள்ளே போனவர் போனவர்தான். வெளியே பெரியவன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு நின்றது. அப்பா இளைப்பாறுகிறார் என்று நினைத்திருக்கிறான். கூப்பிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே கையை நீட்டி, காலைப் பிடித்து இழுத்தவன் அவன்தான். அவரை வெளியே கிடத்தினபோது நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். உடம்பில் காயம் ஒன்றும் இல்லை. முகமெல்லாம் சிவந்து, வேகவைத்து எடுத்த மாதிரி இருந்தது. சுற்றியிருந்த ஈரச் சாக்கு காய்ந்து மொடமொடவென்று ஆகியிருந்தது. பாய்லர் வாயின் விளிம்பில், வெளிப்பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லைப் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு உள்ளே போயிருக்கிறார். கூட்டத்தில் யார் கை பட்டதோ, அது விழுந்து சாம்பலோடு சாம்பலாகப் போயிற்று.

முதலாளி வந்து சுவரைக் காட்டினார். நன்றாக ஆறாமல் உள்ளே இறங்கக் கூடாது என்று அங்கே ஒரு தகரப் பலகை பல வருஷமாகத் தொங்குகிறது. நான் யாரையும் உள்ளே போகச் சொல்லவில்லையே என்றார். அது உண்மை. உண்மையைச் சொல்லியே ஒரு மனுஷன் இவ்வளவு சுத்தமாகக் கையைக் கழுவ முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு பெரிய மனசு பண்ணி, அப்பாவின் வேலையைப் பெரியவனுக்கே கொடுத்தார்.

இந்த வருஷம் குளிர் சீக்கிரமே வந்துவிட்டது. தூறலும் சேர்ந்துகொண்டது. ஓட்டல் கூட்டம் குறைந்ததும் அடுத்த வாரம் பாய்லர் நிற்கும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் நான் எதிர் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மடிப்புக்காரி அடுப்படியில் இருந்தாள். தவளை கேன்களை நடையில் உருட்டிக்கொண்டு வந்து, சாம்பல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். துருவெல்லாம் பழுப்பாக ஓடியது.

எதுக்குடி அதைத் தேய்க்கிற என்று கேட்டாள் அம்மா.

"நம்ம நாளுக்கு. அண்ணன் கொண்டாரேன்னு சொல்லிருக்கான்."

மடிப்புக்காரியின் கரண்டி நின்றுவிட்டது. பெரியவன் அப்போதுதான் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அப்பாவின் தோள் அப்படியே வந்திருந்தது அவனுக்கு. அவன் அம்மாவைப் பார்க்காமலே சொன்னான்.

"மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்மா. தண்ணி கொதிக்கக் கொதிக்க இருக்கும். நீ கிழங்கு மட்டும் வேகவச்சு வை."

"இந்த வீட்ல இனிமே அப்படி ஒரு நாள் கிடையாது."

தவளை தேய்ப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். எனக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. ஆனால் மடியில் பாதி வெங்காயம். நடுவில் எழுந்தால் அதுவே ஒரு பேச்சாகிவிடும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

"அதை நீ மட்டும் சொல்ல முடியாதும்மா," என்றான் பெரியவன். "அந்த ஒரு நாள்தான் எங்களுக்கு அப்பா. மத்த நாள்ல இவ அவரை எங்க பாத்தா? இவ தூங்கினப்புறம் வருவாரு, எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி போயிடுவாரு. அந்த நாளையும் எடுத்துட்டா இவளுக்கு அவரு மொகமே மறந்துடும்."

"நாள் வேணும்னா ராத்திரி வா. ஆறட்டும், ஆறினப்புறம் உள்ள போ. ஆலைக்குக் கரி கொண்டாற வண்டிக்காரரு சொன்னாரு, அது ஆற சாயங்காலம் ஆகுமாம். அவரு போனப்புறம்தான் எனக்கே இது தெரியும். அதுவரைக்கும் வேலையே மத்தியானத்துக்குள்ள முடியுறதுதான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"எனக்கு எப்பவுமே தெரியும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"ஈரச் சாக்கைச் சுத்திக்கிட்டுப் போவாரு. கொஞ்ச நேரம் தட்டுவாரு, வெளிய வந்து தலையில தண்ணி ஊத்திக்குவாரு, மறுபடி போவாரு. வாயில ஈரத்துணியைக் கடிச்சுக்குவாரு. ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான்."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொல்லாதேன்னாரு."

"ஏன்?"

பெரியவன் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருப்பான். ஒரு வருஷம் அடக்கி வைத்தது, அன்று அவனை மீறி வந்துவிட்டது.

"ஆறின தண்ணியக் கொண்டு போனா உங்கம்மா சிரிப்பாடான்னாரு."

மடிப்புக்காரியின் முகத்தில் ஈயாடவில்லை. அடுப்பை அணைத்தாள். பாதி வெந்த சட்டியை இறக்கி வைத்தாள். தரையில் உட்கார்ந்து என் மடியிலிருந்து வெங்காயத்தை எடுத்து அவளும் உரிக்க ஆரம்பித்தாள். எந்தப் பெண்சாதிதான் புருஷனைக் கேலி பண்ணவில்லை? நான் என் மனுஷனைச் சொல்லாத வார்த்தையா! அவர் இன்றைக்கும் குத்துக்கல் மாதிரி வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதையெல்லாம் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னாலும் அவள் காதில் ஏறியிருக்காது.

மறுநாள் வேலை இடைவெளியில் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். பாய்லருக்கு இன்னும் ஒரு நாள் சேர்த்து விட வேண்டும் என்று கேட்டாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஓட்டல்காரர்கள் ஒரு நாள் பொறுப்பதே பெரிது, இரண்டு நாள் என்றால் வேறு ஆலைக்குப் போய்விடுவார்கள், அப்புறம் எல்லார் வயிற்றிலும் அடி என்றார். சாயங்காலம் உள்ளே இறங்கினால் தட்டி முடிக்கவே பாதி ராத்திரி ஆகும், பிறகு தண்ணீர் நிரப்பி நெருப்புப் போட்டால் மறுநாள் காலையில் ஆவி எப்படி வரும் என்று அவள் கேட்டாள். அதை உன் பையன் பார்த்துக்கொள்வான், அவனுக்கு வேலை தெரியும் என்றார். பலகையும் தொங்க வேண்டும், காலையில் ஆவியும் வர வேண்டும். நடுவில் நசுங்குகிறவன் தானாக நசுங்கியதாக இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பெரியவன் அம்மா சமாதானமாகிவிட்டாள் என்றே நினைத்தான். பாய்லர் நிற்பதற்கு முதல் நாள் அவள் கிழங்கு வேகவைத்தாள். முட்டை அவித்தாள். தவளை கேன்களைத் துடைத்துக் கதவோரம் வைத்துவிட்டு, சந்தோஷமாகத் தூங்கப் போனாள்.

விடியும் முன் என் கதவு தட்டப்பட்டது. மடிப்புக்காரி நின்றாள். ஒரு கையில் தூக்குப் பாத்திரம், மறு கையில் தூக்கக் கலக்கத்தோடு தவளை. அக்கா, கூட வரியா என்று மட்டும் கேட்டாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தூறலில் இறங்கினேன்.

பாய்லர் அறையில் காவல்காரர் ஒருவர்தான் இருந்தார். முதல் நாள் சாயங்காலமே நெருப்பை வாரி வெளியே கொட்டியிருந்தார்கள். சாம்பல் மேட்டில் தூறல் விழுந்து புகைந்துகொண்டிருந்தது. எப்போதும் இரைந்துகொண்டே இருக்கிற அறை சத்தமில்லாமல் கிடந்தது. வாயின் மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். உள்ளேயிருந்து அனல் அடித்தது. மடிப்புக்காரி உருளைப் பக்கத்திலிருந்து ஒரு முக்காலியை எடுத்துவந்து, வாய்க்கு நேராகப் போட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மகளை என் பக்கத்தில் ஒரு மூட்டைமேல் உட்கார வைத்தாள்.

பெரியவன் ஈரச் சாக்கும் சுத்தியலும் விளக்குமாக வந்தான். அம்மாவைப் பார்த்ததும் முதலில் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எழுந்திரும்மா."

"சாயங்காலம் எழுந்திரிக்கிறேன்."

"விளையாடாத. நேரம் போகுது."

"போகட்டும். உள்ள போகணும்னா என்னைத் தூக்கிப் போட்டுட்டுப் போ."

அவன் அவளுடைய தோளைத் தொட்டான். தூக்கிப் போடுகிற வலு அவனுக்கு இருந்தது. அவளோ ஒரு மூட்டை துணி கூட இருக்கமாட்டாள். ஆனால் தொட்ட கையை எடுத்துக்கொண்டு, சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்ச் சாம்பல் மேட்டுக்குப் பக்கத்தில் தூறலில் உட்கார்ந்துகொண்டான். எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தான்.

மேஸ்திரி வந்தார். பார்த்தார், தலையைச் சொறிந்தார், போய்விட்டார். அவர் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வெளிச்சம் நன்றாக வந்தபிறகு முதலாளியே வந்தார். குடையை மடக்காமலே வாசலில் நின்றார்.

"என்னம்மா இது, சின்னப் பிள்ளையாட்டம்? நாளைக்குக் காலையில ஆவி வரலேன்னா உருளையில நிக்கிறவங்களுக்கு என்ன வேலை?"

அவள் எழுந்து நிற்கவில்லை. அவர் முன்னால் அவள் உட்கார்ந்து பேசியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அந்தப் பலகையில போட்டிருக்கிறபடிதான் செய்யுறோம் ஐயா."

அவர் பலகையைப் பார்த்தார். தாமதமானால் உருளைக்கு வேறு ஆள் போட வேண்டிவரும் என்றார். போடுங்க ஐயா என்றாள். அவர் என்னையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். என் வேலைக்கும் ஆபத்து வருமோ என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பயமில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் எழுந்து போகக் கால் வரவில்லை.

வெளியே தூறிக்கொண்டே இருந்தது. அவள் முதுகுப் பக்கம் அனலில் வேர்த்து ரவிக்கை ஊறிப்போயிற்று. முன்பக்கம் குளிர் காற்று. நடுநடுவே சற்று முன்னால் சாய்வாள், பிறகு நிமிர்வாள், அவ்வளவுதான். மத்தியானம் தூக்கைத் திறந்து கிழங்கும் ரொட்டியும் எடுத்து வைத்தாள். அடுப்பு மூட்டாத நாள் என்பதால் எல்லாமே சில்லென்று இருந்தது. தவளை முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பா இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பாரில்ல என்று கேட்டாள். பிறகு எழுந்து போய் அண்ணனின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். சாம்பல் அப்பிய கையோடு அவன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

சாப்பிட்டு முடித்துத்தான் பேசினான். அம்மாவைப் பார்க்காமல், தரையைப் பார்த்துப் பேசினான்.

"சத்தம் நின்னுச்சும்மா. நான் உடனே கூப்பிட்டிருக்கணும். இளைப்பாறுறாரு, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நின்னேன். வீட்ல தூங்கும்போது எழுப்பக் கூடாதுன்னு சொல்லுவோமில்ல, அந்த மாதிரி."

"தெரியும்," என்றாள் அவள்.

"எப்படித் தெரியும்?"

"நீ ஒரு வருஷமா தூக்கத்துல அவரைக் கூப்பிடுற."

அவன் அவளுடைய முழங்காலில் தலையை வைத்துக்கொண்டான். மீசை வைத்த பிள்ளை விக்கி விக்கி அழுததை எங்களோடு காவல்காரரும் பார்த்தார். பார்த்துவிட்டு, நல்ல மனுஷர், வெளியே போய்த் தூறலில் நின்றார். மடிப்புக்காரி அவன் தலையிலிருந்த சாம்பலைத் தட்டிவிட்டாள். நான்தான் சொன்னேன், நான்தான் சிரிச்சேன் என்று இரண்டு தடவை சொன்னாள்.

வெளிச்சம் மங்க ஆரம்பித்தபோது அவள் எழுந்தாள். முட்டி பிடித்துக்கொண்டு சுவரைப் பற்றி நின்றாள். பிறகு வாய்க்குள் கையை விட்டாள். தோள்வரை விட்டு உள்சுவரைத் தடவினாள். அது போதாதென்று தலையையும் தோளையும் உள்ளே நுழைத்தாள். இடுப்புக்குக் கீழேதான் எங்களுக்குத் தெரிந்தது. அவள் உள்ளே எதையாவது பார்த்தாளா, யாரிடமாவது பேசினாளா, எனக்குத் தெரியாது. நெடுநேரம் அப்படியே இருந்தாள். தவளை பயந்து அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்த பிறகுதான் வெளியே வந்தாள். முகமெல்லாம் வெள்ளைத் தூள்.

"இப்போ போ," என்றாள்.

அவன் போனான். சுத்தியல் சத்தம் ஆரம்பித்தது. சத்தம் நின்ற ஒவ்வொரு தடவையும் மடிப்புக்காரி மூடி கழற்றுகிற திருப்புளியால் பாய்லர்மேல் ஒரு தட்டுத் தட்டினாள். உள்ளேயிருந்து ஒரு தட்டுப் பதிலாக வரும். வந்தால்தான் மூச்சு விடுவாள். கொஞ்ச நேரத்தில் தவளை திருப்புளியை வாங்கிக்கொண்டாள். சற்றே இடைவெளி விட்டாலும் ஓங்கித் தட்டிவிடுவாள். உள்ளேயிருந்து அண்ணன் மூச்சு விட விடுடி என்று கத்தினான். அந்த நாள் முழுக்க நாங்கள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

அவன் தட்டி முடித்து, தண்ணீர் நிரப்பி, நெருப்புப் போட்டபோது விடிந்துகொண்டிருந்தது. நான் நடுவில் தவளையை வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தூங்க வைத்துவிட்டேன். தொட்டித் தண்ணீரைக் கேன்களில் பிடித்து வண்டியில் தள்ளிக்கொண்டுவந்து கதவோரம் இறக்கிவிட்டு, அவன் உடனே ஆலைக்குத் திரும்பிவிட்டான். ஆவி வர மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை ஓட்டல் வண்டிகள் வாசலில் வரிசையாக நின்று ஊதிக்கொண்டே இருந்தன.

முதலாளி சொன்னதைச் செய்தார். உருளைக்கு வேறொரு பெண்ணை நிறுத்தினார்கள். மடிப்புக்காரியைப் பின்பக்கம் ஆஸ்பத்திரித் துணி பிரிக்கிற இடத்துக்கு அனுப்பினார்கள். ரத்தமும் மலமுமாக வருகிற துணியை மூட்டையவிழ்த்துப் பிரித்துப் போடுகிற வேலை. அங்கே யாரும் எதையும் மடிப்பதில்லை. என்னை ஒன்றும் செய்யவில்லை. கிழிசல் தைக்க ஆள் கிடைப்பது கஷ்டம். அவள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் ஒன்றாக வீடு திரும்பினோம். அவள்மேல் அந்த வாடை இருந்தது. நடையில் அவள் எனக்கு இரண்டு அடி தள்ளியே நடந்தாள். கதவோரம் கேன்கள் வைத்தபடி இருந்தன. பெரியவனும் வந்துவிட்டான். அடுப்பு மூட்டவில்லை. தரையில் விரிப்பை விரித்து வைத்துக்கொண்டு தவளை காத்திருந்தாள்.

அம்மா சொல்லாமலே அவள் எழுந்து முதலில் போனாள். தண்ணீர் பட்டதும் அலறினாள். குளிரில் பல் கிட்டிப்போய், அழுதுகொண்டே குளித்து முடித்து வந்தாள். அடுத்து பெரியவன். வந்ததும் அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சில்லை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தான். அவள் ஈரத் தலையோடு ஜன்னலண்டை போனாள். வரிசையின் கடைசிச் சில்லுக்குப் பக்கத்திலேயே வைக்கவில்லை. நடுவில் ஒன்றுக்கு இடம் விட்டு, அதற்குப் பிறகு வைத்தாள்.

மடிப்புக்காரி தன் முறைக்கு எழுந்திருக்கவில்லை. இரண்டாவது கேன் அப்படியே இருந்தது. குளிரும்மா, நான் வேணும்னா அடுப்புல கொஞ்சம் சுட வச்சுத் தரட்டுமா என்றான் பெரியவன். நான் என் வாசலில் நின்றிருந்தேன். அவள் கேனின் மூடியைத் திறந்தாள். முன்பு செய்ததைப் போலவே கையை உள்ளே விட்டாள். முழங்கை வரை விட்டு அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்," என்றாள். "நல்லா ஆறியிருக்கு."

கேனைத் தானே இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை. தன் முறைக்கு ஊற்றிக்கொண்டாள், சற்று நேரம் நிறுத்தினாள். பிறகு கடைசி ஆளின் முறைக்கும் அவளே ஊற்றிக்கொண்டாள்.